ஜூலை மாத டார்கெட்

2023 ஜூலை 4, செவ்வாய்

வேலையில் சேர்ந்தாயிற்று. வடசென்னையில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் வீடற்ற பெண்களுக்கான காப்பகம். ஒருங்கிணைப்பாளர் அக்கா முதலில் காட்டியது சுவரில் இருந்த வெள்ளைப் பலகையைத்தான். மீட்பு, ஆதார், மருத்துவம், குடும்பத்தோடு சேர்த்தவர்கள் என்று கட்டம் கட்டமாக இருந்தது. மாதம் பதினைந்து மீட்பு, அதில் ஐந்து பேரையாவது வீடு சேர்க்க வேண்டும்.

"இரக்கப்படு, வேண்டாங்கல. ஆனா மாசக் கடைசியில ரிப்போர்ட் வந்துடணும்" என்றார்.

லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற 2010 உச்ச நீதிமன்ற உத்தரவைக் கல்லூரியில் மனப்பாடமாக எழுதியிருக்கிறேன். பலகையைப் பற்றி அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

ஜூலை 7, வெள்ளி

கடை அடைத்த பிறகு பிராட்வே, என்.எஸ்.சி. போஸ் சாலைப் பக்கம் ரவுண்ட்ஸ். இங்கே நடைபாதையில் இருப்பவர்கள் நேற்று வந்தவர்கள் இல்லை, பாதிப்பேர் இங்கேயே பிறந்தவர்கள். ஒரு பெண் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்த வாக்காளர் அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"என் புருஷனுக்கும் அங்க எடம் உண்டா?"

ஆண்கள் காப்பகம் வேறு இடம் என்றேன்.

"என் பையன்?"

பையன்களுக்கு இன்னொரு இடம்.

"குடும்பத்த மூணா பிச்சு மூணு எடத்துல போடுவ, அதுக்குப் பேரு உதவியா?"

பதில் இல்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். அன்றைய கணக்கு பூஜ்யம்.

ஜூலை 12, புதன்

மழை. அதனால்தான் ஆயா வந்தது. சென்ட்ரலுக்கு எதிரே, பெரியாஸ்பத்திரி மதிலோரம் உட்கார்ந்திருந்தது. பதிவேட்டில் 'பெயர்: தெரியவில்லை, வயது: 65 இருக்கலாம்.'

கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. குளிக்கும்போதுகூட விடமாட்டேன் என்றது. சமையல் செய்யும் அக்கா குளியலறைக் கொடியில் பையை மாட்டி, "இதோ, உன் கண்ணுக்கு எதிர்லதான் இருக்கு" என்று கதவைத் திறந்தே வைத்துத் தலைக்கு ஊற்றினார். சிக்குப் பிடித்த முடியை வெட்டத்தான் வேண்டியிருந்தது. வெட்டிய முடியையும் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டது. ஒரு மத்தியானம் முழுவதும் இதற்கே போயிற்று. இதற்குப் பலகையில் கட்டம் கிடையாது.

ஜூலை 20, வியாழன்

ஆயாவுக்குப் போட்ட ஆதார் நிராகரிக்கப்பட்டுவிட்டது. ஒருங்கிணைப்பாளர் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குப் புரியவில்லை. விஷயம் இதுதான்: ஏற்கெனவே ஆதார் இருந்தால் கைரேகையோ கண்ணோ பழைய பதிவோடு பொருந்தி, புதியது நின்றுவிடும். நின்றால் பழையதில் முகவரி இருக்கும். பேச்சே வராதவர்களைக்கூட இப்படி வீடு சேர்த்திருக்கிறார்களாம். ஆதார் மையத்தில் கேட்டுத் தேடியதில் விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம் வந்தது. பெயரும் கிடைத்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஆயா திரும்பிப் பார்த்தது, ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை.

ஜூலை 24, திங்கள்

முதியோர் உதவித்தொகை ஆயிரத்திலிருந்து 1,200 ஆகப்போகிறது என்று பேப்பரில் வந்திருக்கிறது. மகனுக்குப் போன் போட்டபோது அவரும் அதைத்தான் முதலில் கேட்டார். அம்மா எப்படி இருக்கிறார் என்பது அப்புறம்தான், அதுவும் நான் எடுத்துக் கொடுத்த பிறகு.

ஆயா இன்றுதான் முழு வாக்கியமாகப் பேசியது. "அங்க வேணாம் கண்ணு. மாட்டுக்கொட்டாயில படுக்கச் சொல்லுவான்."

அக்கா பலகையைப் பார்த்தார். வீடு சேர்த்த கணக்கில் ஒன்று குறைகிறது. "கொண்டுபோய் விட்டுட்டு ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடேன்."

பழைய பதிவேட்டைப் புரட்டினேன். மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பிய ஒருத்தியை மே மாதம் மறுபடி 'மீட்டு' இருக்கிறோம். இரண்டு மாதமும் டிக். ஆள் ஒன்று, கணக்கு இரண்டு. இப்படி இன்னும் சில பெயர்கள் இருந்தன.

அக்கா கெட்டவர் இல்லை. ரிப்போர்ட் போனால்தான் பணம் வரும், பணம் வந்தால்தான் மளிகை பாக்கி அடையும். அவருக்கே இரண்டு மாதச் சம்பளம் நிற்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பதினைந்து என்ற எண் இல்லாவிட்டால், மழை ராத்திரியில் நான் பெரியாஸ்பத்திரி வாசலுக்குப் போயிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

ஜூலை 31, திங்கள்

ரிப்போர்ட் போயிற்று. வீடு சேர்த்தது நான்கு. ஐந்தாவது இடத்தில், 'முகவரி கிடைத்தது, செல்ல விருப்பமில்லை' என்று எழுதி ஆயாவின் கைநாட்டு வாங்கினேன். அக்கா படித்தார், அந்த வரியை அடிக்கவில்லை. "மேலேருந்து கேட்டா நீயே பேசு" என்றார்.

அனுப்பியவர்கள் மூன்று மாதம் கழித்தும் வீட்டில்தான் இருக்கிறார்களா என்று ஒரு கட்டம் சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"சேர்க்கலாம். அந்தக் கட்டத்த நெரப்ப யாரு ஊர் ஊராப் போவா? பஸ் காசு?"

சரி, போனிலாவது கேட்கலாம் என்று மார்ச் மாதப் பட்டியலை எடுத்துக்கொண்டேன். நாளை ஆயாவின் ஆதார் முகவரியைக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும், அக்காவின் கையெழுத்தோடு சான்று தயார். அடுத்து உதவித்தொகை மனு. மகன் இருக்கிறவரை ஆதரவற்றவர் என்று எழுதித் தருவார்களா என்று தாலுகா ஆபீஸில் கேட்க வேண்டும்.