அம்மாவை நினைத்துக் கூழ் ஊற்றுகிறவர்களுக்கு

ஆடி தவறாமல் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சி, பெற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன்பே தெருவில் போகிறவர்களுக்கு ஊற்றிய அம்மாவின் நினைவு நாளுக்கு, தர்மபுரிப் பக்கம் கூழைவிடப் பொருத்தமான படையல் இல்லை.

1 கிலோ கேழ்வரகு மாவை முந்தைய இரவே தோசைமாவுப் பதத்தில் கரைத்துப் புளிக்க வையுங்கள். காலையில் 5 லிட்டர் தண்ணீரில் கால் கிலோ நொய் குழைய வெந்ததும், தீயைக் குறைத்து ஒருவர் மாவை ஊற்ற, இன்னொருவர் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் கட்டி விழும், அடியும் பிடிக்கும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். சூட்டோடு மோர் விட்டால் திரிந்துவிடும், நன்றாக ஆறட்டும்.

தண்ணீர் மட்டும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரே எடுங்கள். நம்ம பக்கம் பல போர்வெல்களில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம், கொதிக்க வைத்தாலும் போகாது. குழந்தைகள்தான் முதலில் சொம்போடு வந்து நிற்பார்கள்.

சின்ன வெங்காயத்தைத் தாராளமாக அரிந்து வையுங்கள். அம்மா கை அப்படித்தான்.