இறங்குவதற்கு முன் ஏறும் படிகள்

"கீழ போற ரயிலுக்கு எதுக்குடா மேல ஏறணும்?" ஷெனாய் நகர் மெட்ரோ வாசலில் நின்றுகொண்டு அம்மா கேட்டார். முழங்கால் வலி இருக்கிறவர், நியாயமான கேள்விதான். நடைபாதையிலிருந்து சில படிகள் ஏறிய பிறகுதான் எஸ்கலேட்டர் கீழே இறங்குகிறது. ஐப்பசி கார்த்திகையில் நம் சாலைகளைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும், தேங்கும் தண்ணீர் ஒரு தடவை உள்ளே புகுந்தால் சுரங்கம் வரைக்கும் போய்விடும். அதனால் வாசலையே மேடாக்கிவிட்டார்கள், அந்தக் காலத்து வீடுகளில் தெருவைவிட உயரமாகத் திண்ணை கட்டியதுபோல. சரி, அம்மாவை லிஃப்டில் கூட்டிப் போனேன்.

சென்னையில் முதன்முதலாகச் சுரங்கத்தில் மெட்ரோ ஓடியது இந்தப் பக்கம்தான், திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை, 2017 மே மாதம். அன்றிலிருந்து எனக்கு இந்த ஸ்டேஷன்மேல் தனிப் பிரியம். டிக்கெட் தளத்துக்குக் கீழே இன்னொரு தளம், அதில் நடுவில் ஒரே பிளாட்பாரம், இரண்டு பக்கமும் ரயில். போகவும் வரவும் தனித்தனியாகச் சுரங்கம் குடைந்ததால் நடுவில் கிடைத்த இடம் அது. திசை மாறி வந்துவிட்டாலும் மறுபடி மேலே ஏறி இறங்க வேண்டாம், அப்படியே திரும்பி நின்றால் போதும்.

ஓரத்தில் கண்ணாடிச் சுவர். ரயிலின் கதவும் கண்ணாடிக் கதவும் நேருக்கு நேர் வந்து நின்ற பிறகுதான் திறக்கும். யாரும் தவறி விழ முடியாது என்பது ஒன்று, ஏ.சி. குளிர் சுரங்கத்துக்குள் ஓடிப்போகாது என்பது இன்னொன்று. அம்மா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், ரயில் வரும்போது அது தள்ளிக்கொண்டு வரும் காற்றில் லேசாக அதிர்ந்தது. தரையில் மஞ்சள் ஓடுகள்: நீளக்கோடு இருந்தால் நடக்கலாம், புள்ளி புள்ளியாக இருந்தால் நிற்க வேண்டும். பார்வையில்லாத ஒருவர் கோலால் அதைத் தடவியபடி எங்களைவிட வேகமாகப் போனார்.

எழும்பூர் போய்த் திரும்பியதும் மேலே திரு.வி.க. பூங்காவில் உட்கார்ந்தோம். ஸ்டேஷனே இந்தப் பூங்காவுக்கு அடியில்தான் இருக்கிறது. மேலிருந்து தோண்டி, பெட்டிபோலக் கட்டி, கூரை போட்டு, அதன்மேல் மண் நிரப்பித்தான் இப்போதைய பூங்கா. பழைய மரங்கள் பல போய்விட்டன, அந்த நிழல் இன்னும் எனக்கு மனசில் இருக்கிறது. அம்மா செருப்பைக் கழற்றிப் புல்லில் காலை வைத்துக்கொண்டு, "இப்ப அடியில ரயில் போகுதாடா?" என்றார்.