ஆபர்ன் 2013: அந்த ஓட்டத்துக்கு 32 நொடி முன்னால்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருக்கும் ஆபர்ன் என்று ஊர் பேரைச் சொன்னாலே யாராவது ஃபோனை எடுத்து, அங்கிருக்கும் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஓடிய 'கிக் சிக்ஸ்' வீடியோவைப் போட்டுக் காட்டுவார்கள். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காதுதான். ஆனால் 2013 சீசன் முழுவதையும் அந்த ஒரே ஓட்டத்துக்குள் அடைத்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நான் எம்.எஸ். படிக்க அங்கே போய் இறங்கியது அந்த வருட ஆகஸ்டில். முந்தைய சீசனைப் பற்றி ஊரில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். 12 ஆட்டங்களில் 3 வெற்றி, எஸ்இசி என்ற எங்கள் லீக்கின் அணிகளோடு ஆடிய எட்டிலும் தோல்வி, பரம எதிரியான அலபாமா பல்கலைக்கழகத்திடம் 49-0. கோச்சை அனுப்பிவிட்டு கஸ் மல்ஸானைக் கூட்டிவந்திருந்தார்கள். 2010-ல் ஆபர்ன் தேசியப் பட்டம் வென்றபோது அஃபென்ஸை, அதாவது பந்தோடு தாக்கும் ஆட்டத்தை, நடத்தியவர் அவர்தான்.

அவருடைய வித்தை பார்க்கச் சாதாரணமாக இருக்கும். தாக்குதலை நடத்தும் க்வார்ட்டர்பேக் நிக் மார்ஷல் பந்தை வாங்கி, பந்தோடு ஓடும் வேலைக்கு நிற்கும் ட்ரே மேசனின் வயிற்றோரம் நீட்டுவார். கொடுத்தாலும் கொடுப்பார், உருவிக்கொண்டு தானே ஓடினாலும் ஓடுவார். ஓரத்தில் நிற்கும் எதிரணி ஆள் யார்மேல் பாய்கிறான் என்று பார்த்துக் கடைசி நொடியில்தான் முடிவு. அவர்கள் மூச்சு வாங்குவதற்குள் அடுத்த ஆட்டம். செப்டம்பரில் எல்எஸ்யூவிடம் (லூசியானா ஸ்டேட்) தோற்றார்கள், அதற்கப்புறம் யாரும் நிறுத்த முடியவில்லை.

ஜார்ஜியாவோடு ஆடியது மட்டும் சுத்தமான அதிர்ஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். 38-37 என்று பின்தங்கி, நாலாவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, 18 யார்டு தேவை. மார்ஷல் தூக்கிப் போட்ட பந்துக்கு ஜார்ஜியா ஆட்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எகிறித் தட்டிவிட, அது பின்னால் ஓடிக்கொண்டிருந்த ரிக்கார்டோ லூயிஸிடம் போய் விழுந்தது. 73 யார்டு டச்டவுன், எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் கிடைக்கும் ஆறு புள்ளி.

நவம்பர் 30, அலபாமா. நம்பர் ஒன் அணி, ஒரு தோல்விகூட இல்லை. எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. கேம்பஸை ஒட்டிய அபார்ட்மென்டில் ரூம்மேட்டுகளோடு டிவி. அதில் ஒரு சங்கடம்: ஸ்டேடியத்துச் சத்தம் ஜன்னல் வழியாக முதலில் வந்துவிடும், படம் சில நொடி கழித்துத்தான் வரும்.

28-21 என்று அலபாமா முன்னிலை. கடைசி நிமிடங்களில் ஆபர்ன் ஓட்டம், ஓட்டம், மறுபடி ஓட்டம். 39 யார்டு மீதி. மார்ஷல் பந்தை வைத்துக்கொண்டு இடது ஓரமாக ஓட ஆரம்பித்தார். பந்து பிடிக்க ஓடுபவரைக் காவல் காக்க வேண்டிய அலபாமாவின் கார்னர்பேக், 'இதுவும் ஓட்டம்தான்' என்று மார்ஷலைப் பிடிக்க முன்னே வந்தார். அவர் விட்டுவந்த ஆபர்னின் சாமி கோட்ஸ் தன்னந்தனியாக நின்றார். ஆட்டம் கிளம்பிய கோட்டுக்குப் பக்கத்தில் போய்ப் பந்தை எறிந்தார் மார்ஷல், கோட்ஸ் பிடித்து டச்டவுன். 28-28, மீதி 32 நொடி. என்னைக் கேட்டால் சீசனே இதுதான். மூன்று மாதம் ஓடி ஓடிக் காட்டியதால்தான் அந்தக் கார்னர்பேக் முன்னே வந்தார்.

அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். நேரம் முடிந்துவிட்டது, இல்லை, இன்னும் ஒரு நொடி இருக்கிறது என்று ரிவ்யூவில் சொன்னார்கள். அலபாமா 57 யார்டு ஃபீல்டு கோல் முயன்றது, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்க. உதை எட்டவில்லை, பின்னால் காத்திருந்த ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் பிடித்துக்கொண்டு மறுமுனை வரை ஓடி டச்டவுன் போட்டார், வெற்றி எங்களுக்கு. உதைக்கிற நேரத்தில் களத்தில் நிற்பது பெரும்பாலும் மலை மாதிரி லைன்மேன்கள், அவர்களால் எங்கே துரத்த? எங்கள் டிவியில் பந்து இன்னும் காற்றில் இருந்தது, ஜன்னல் அதிர்ந்தது. வென்றால் மரங்கள்மேல் டாய்லெட் பேப்பர் வீசிக் கொண்டாடும் இடமான டூமர்ஸ் கார்னருக்குச் செருப்போடு ஓடினோம். அங்கிருந்த ஓக் மரங்களை ஓர் அலபாமா ரசிகர் விஷம் வைத்துக் கெடுத்திருந்ததால் ஏப்ரலிலேயே வெட்டியாகிவிட்டது. அவற்றுக்குப் பதிலாகக் கட்டியிருந்த கம்பிகள்மேல் டாய்லெட் பேப்பர் ரோலை வீசினோம். முன்பின் தெரியாத பாட்டி ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து, ஆபர்னின் முழக்கமான 'வார் ஈகிள்' என்றார்.

அடுத்த வாரம் எஸ்இசி இறுதி ஆட்டத்தில் மிசௌரியை 59-42 என்று வென்றபோது மேசன் மட்டும் 304 யார்டு ஓடினார். ஆனால் ஜனவரி 6-ல் ரோஸ் போல் ஸ்டேடியத்தில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 34-31, 13 நொடி மீதியிருக்கும்போது வாங்கிய டச்டவுனால் தோல்வி. நாலாவது க்வார்ட்டரில் கிக்ஆஃபைப் பிடித்து 100 யார்டு ஓடி அவர்கள் ஒரு டச்டவுன் போட்டதை என்னவென்று சொல்ல! என் ரூம்மேட் மட்டும் அதைக் குறையே சொல்ல மாட்டான். 21-3 என்று நாம் முன்னே இருந்தபோது அவர்கள் செய்த ஃபேக் பண்ட்டை, அதாவது உதைப்பதுபோல் காட்டி ஓடிய ஏமாற்றை, தடுத்திருந்தால் பட்டம் நமக்குத்தான் என்று இப்போதும் ஃபோனில் சண்டைக்கு வருவான். அதில் அவன் சொல்வது சரி என்றுதான் நினைக்கிறேன்.