மூன்று மணிக்குக் கேட்ட அனுமதி

2024 ஜூன் 16 அன்று எங்கள் பகுதியைச் சேர்ந்த வீட்டுவேலைத் தொழிலாளர்கள் சென்னையில் ஒரு மணி நேரம் ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குக் காவல் துறை அனுமதி வாங்க நான் நடந்தது ஆறு நடை. மனுவைக் கொடுப்பதற்கே நான்கு நடை ஆயிற்று.

தேதியை மாற்றிக்கொள்ளலாமே என்று பலரும் சொன்னார்கள். வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறிய நாள் ஜூன் 16. அதற்கு ஆதரவாக வாக்களித்த இந்தியா இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை, அதாவது அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி ஒப்புக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் தனி நலவாரியம் இருக்கிறது, 2018இல் மணிக்கு 37 ரூபாயில் தொடங்கும் குறைந்தபட்ச ஊதியமும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த ஊதியம் கிடைக்கிறதா என்று யாரும் ஒரு வீட்டின் கதவைத் தட்டிக் கேட்பதில்லை. இதைச் சொல்லத்தான் அந்த நாள். அது ஞாயிற்றுக்கிழமையாகவும் அமைந்தது. ஞாயிறு என்றால் எல்லோருக்கும் வசதி என்று நினைப்பவர்கள் வீட்டுவேலை செய்பவரைக் கேட்டதில்லை. அன்றுதான் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், கறி சமைப்பார்கள், விருந்தாளிகள் வருவார்கள், பாத்திரம் இரட்டிப்பாகும். பிற்பகல் இரண்டு மணிக்கு முன் ஒருவரும் வெளியே வர முடியாது. ஆகவே மூன்று மணி என்று முடிவு செய்து, ஒவ்வொருவரும் தாம் வேலை செய்யும் மூன்று, நான்கு வீடுகளிலும் முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள்.

சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி, ஆர்ப்பாட்டத்துக்கு ஐந்து நாள் முன்னதாக மனு கொடுக்க வேண்டும். ஜூன் 3 அன்று சென்றேன். மறுநாள் மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை, தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் உள்ளன, பிறகு வாருங்கள் என்றார்கள். விதிகள் கூட்டத்துக்குத்தானே, மனு வாங்குவதற்குமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, அது என் பிழை. 7ஆம் தேதி சென்றபோது, நீங்கள் நிற்கப்போகும் பக்கம் எங்கள் எல்லையில் இல்லை, சாலையின் எதிர்ப்பக்கம்தான் எங்களுடையது என்று வேறு நிலையத்துக்கு அனுப்பினார்கள். (வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம், எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் என்று வழக்கமாக அனுமதி கிடைக்கும் இடங்கள் சில உண்டு. எங்களுடையது எது என்று சொன்னால் நிலையமும் தெரிந்துவிடும் என்பதால் விடுகிறேன்.) 10ஆம் தேதி ஆய்வாளர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். 11ஆம் தேதி கெடுவின் கடைசி நாள். அன்றுதான் மனுவை வாங்கினார்கள்.

வாங்கியவர் நகலில் முத்திரை வைக்க மறுத்தார். “அதான் வாங்கிட்டோமே, சீல் எதுக்கு?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். ஒரு மணி நாற்பது நிமிடம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகமாட்டேன் என்று தெரிந்த பிறகு ரைட்டர் (நிலைய எழுத்தர்) தேதியுடன் முத்திரை வைத்துக் கொடுத்தார். இனி மனு கொடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முத்திரையில்லாமல் வெளியே வராதீர்கள், முடிந்தால் விரைவு அஞ்சலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள், நேரத்தை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள். ஆள் எண்ணிக்கையைப் பெருக்கிச் சொல்லாதீர்கள். நுண்ணறிவுப் பிரிவிலிருந்து தொலைபேசியில் எத்தனை பேர், எந்தக் கட்சி என்று கேட்பார்கள். எழுபது பேர், கட்சி இல்லை என்று மனுவில் இருந்ததையே மூன்று முறை சொன்னேன்.

அனுமதிக் கடிதம் 15ஆம் தேதி இரவு 8.40க்குக் கிடைத்தது. படிக்காமலேயே கையெழுத்திட்டு வாங்கினேன். தேநீர்க் கடை விளக்கில் பிரித்துப் பார்த்தால், கூம்பு ஒலிபெருக்கி கூடாது, ஊர்வலம் கூடாது, கொடும்பாவி கூடாது (ஐந்து மணிக்குப் பாத்திரம் தேய்க்கத் திரும்ப வேண்டியவர்களுக்குக் கொடும்பாவி கட்ட ஏது நேரம்) என்ற நிபந்தனைகளுக்கு மேலே, நேரம் காலை 10.30 முதல் 11.30 வரை என்று இருந்தது. நிலையத்துக்குள் திரும்பினால், கையெழுத்துப் போட வேண்டியவர் கிளம்பிவிட்டார். குழுவில் மூத்தவரான அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். “மறுப்புன்னு சொல்லியிருந்தா கூடப் பரவால்லம்மா, நாலு வீட்லயும் மறுபடி எப்படிப் போய் மாத்திக் கேக்கறது?” என்றார். அவர் சொன்னதன் கணக்கு எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுபது பேர், ஆளுக்கு மூன்று வீடு என்று வைத்தாலும், இருநூறுக்கு மேற்பட்ட இடங்களில் கெஞ்சி வாங்கிய மூன்று மணி அது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முத்திரையிட்ட நகலுடன் நிலையத்தில் நின்றேன். நகலில் “பிற்பகல் மூன்று மணி முதல் நான்கு மணி வரை” என்று எழுத்திலும் இருந்தது. வேறொரு அமைப்புக்கு அடித்த கடிதத்தின் மேல் எங்கள் விவரத்தை ஏற்றியபோது நேரத்தை மாற்ற மறந்திருக்கிறார்கள். ஆய்வாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பேனாவால் அடித்துத் திருத்தினார், சுருக்கொப்பமிட்டார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மன்னிப்பு என்று எதுவும் வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

இரவு பரவிய குழப்பத்தால் பத்தொன்பது பேர் வரவில்லை. ஐம்பத்தொரு பேர் வந்தார்கள், கண்ணகி நகரிலிருந்து பேருந்து மாறி வந்தவர்கள் உட்பட. 3.50க்கே கலைந்தோம், மாலை வேலைக்கு நேரமாகிவிட்டது. கோரிக்கை மனுவை மறுநாளே தொழிலாளர் துறையில் கொடுப்பதாக இருந்தோம். 17ஆம் தேதி பக்ரீத் விடுமுறை என்பது நல்லவேளையாக ஒருவருக்கு நினைவிருந்தது. 18ஆம் தேதி கொடுத்தோம். அங்கே நான் கேட்பதற்கு முன்பே அக்கா நகலை நீட்டி முத்திரை கேட்டார்.