தம்பலகாமத்தின் இருவேறு சேறுகள்

இலங்கையில் திருகோணமலைக்கு அருகிலுள்ள தம்பலகாமம் குடாவின் கரையில் வற்று நேரத்தில் இறங்கினால் கால் முழங்கால் வரை புதையும். உருவி எடுக்கும்போது கூழ்முட்டை நாற்றம் எழும். சிறுவயதில் அம்மம்மாவோடு மட்டி பொறுக்கப் போன நாட்களில், ஏதோ செத்து அழுகுகிறது என்றே நினைத்திருந்தேன். அது உயிரோடிருப்பவற்றின் மூச்சு என்று பின்னர் படித்தறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னமும் தணியவில்லை.

கரையோர உவர்நீரில் வளரும் கண்டல் மரங்களின் இலைகள் விழுந்து மக்கும் அந்தச் சேற்றில், மேலுள்ள சில மில்லிமீற்றருக்குள்ளேயே ஒட்சிசன் தீர்ந்துவிடுகிறது. அதற்குக் கீழே வாழும் பற்றீரியாக்கள், கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் கரைந்திருக்கும் சல்பேற்றைக் கொண்டு சுவாசிக்கின்றன. நாம் உள்ளிழுக்கும் ஒட்சிசன் உடலுக்குள் நீராவதைப் போல, அவற்றிடம் சல்பேற்று ஐதரசன் சல்பைட்டாகிறது. நாற்றம் அதனுடையது. அது மண்ணிலுள்ள இரும்போடு சேர்வதால்தான் சேறு கரியாய்க் கறுத்திருக்கிறது. ஒரு பிடி சேற்றை முற்றத்தில் வைத்துப் பாருங்கள். காற்றுப் படப்பட அந்தக் கறுப்பு வெளிறிப் பழுப்பாகும்.

குடாவை விட்டு உள்ளே போனால் வயல்கள். நீர் கட்டிய வேளாண்மைச் சேற்றிலும் ஒட்சிசன் இல்லை. ஆனால் நன்னீரில் சல்பேற்று மிகக் குறைவு என்பதால், அங்கே மெதேன் ஆக்கும் நுண்ணங்கிகள் கை ஓங்கிவிடுகின்றன. உவர்ச்சேற்றிலும் அவை உண்டு, எனினும் அவற்றுக்கு வேண்டிய ஐதரசனைச் சல்பேற்றுப் பற்றீரியாக்கள் முந்திக்கொள்கின்றன. 1776இல் இத்தாலியின் மஜோரே ஏரிச் சேற்றைக் கிளறி இயற்பியலாளர் வோல்ற்றா சேகரித்த எரிவாயு இந்த மெதேன்தான். அதை ஆக்குபவை பற்றீரியாக்களே அல்ல, தனியொரு வம்சம் என்று 1977இல் நுண்ணுயிர் ஆய்வாளர்களான கார்ல் வோஸும் ஜோர்ஜ் பொக்ஸும் காட்டினார்கள். வயலில் உண்டாகும் மெதேனின் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே வெளியேறுகிறது. இடையிடையே வயலைக் காயவிட்டால் அது குறையும்.

என் கவலை கண்டல் சேற்றைப் பற்றியது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் அழுகல் மந்தமாக நடப்பதால், இலையும் வேருமாய்ப் புதைந்த காபன் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே கிடக்கிறது. இறால் பண்ணைக்காகக் கண்டலை வெட்டிச் சேற்றைத் தோண்டிக் குவிக்கும்போது, அந்தக் காபன் காபனீரொட்சைட்டாய்க் கிளம்ப, சல்பைட்டு கந்தகவமிலமாகி மண்ணைப் புளிக்கச் செய்கிறது. முற்றத்து ஒரு பிடிச் சேற்றில் நடந்த அதே நிறமாற்றம், அங்கே குவியல் குவியலாக நடக்கிறது.