போனை எடுக்க முடியாதவர்களை எப்படிக் கணக்கெடுப்பது?

"ஆறு மாதமாக அசதியாக இருக்கிறதா?" என்று சர்வேயில் கேட்டால் நிறையப் பேர் ஆமாம் என்பார்கள். நானும்தான். ஆனால் நாட்பட்ட சோர்வு நோய் அதுவல்ல. ஓய்வெடுத்தாலும் தீராத அசதி, கொஞ்சம் அலைந்தாலே மறுநாள் படுக்கையில் தள்ளிவிடும் சரிவு, தூங்கி எழுந்தும் தெளியாத உடம்பு. இதையெல்லாம் கேட்டு, அப்புறம் தைராய்டு, ரத்தசோகை மாதிரி வேறு காரணம் இல்லை என்று பார்த்த பிறகுதான் கணக்கில் சேர்க்க முடியும்.

1999-இல் வெளியான சிகாகோ ஆய்வு அப்படித்தான் செய்தது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டை நம்பாமல் 18,000-க்கும் மேற்பட்டவர்களைப் போனில் விசாரித்து, சந்தேகமானவர்களை டாக்டர்களிடம் அனுப்பினார்கள். கிடைத்தது 0.42 சதவீதம். அமெரிக்க அரசின் 2021-22 கணக்கெடுப்பிலோ 1.3 சதவீதம். அங்கே கேட்டது, "உங்களுக்கு இந்த நோய் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரா?" சரி, டாக்டரே கண்டுபிடிக்காதவர் என்ன பதில் சொல்வார்?

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவருக்கு இந்த நோய். ஜன்னலில் கறுப்புத் துணி, போன் எப்போதும் சைலண்டில். யார் கூப்பிட்டாலும் சுவரில் கொஞ்சம் வெளிச்சம் விழும். அப்புறம் அணைந்துவிடும்.