இரண்டு பென்னியும் ஒரு பெஞ்சும்: கியூவில் ஒரு காட்டு வழக்குச் சுருளைப் படித்த அனுபவம்

இடைக்கால இங்கிலாந்தில், அரசரின் வேட்டைக்கென்று தனிச் சட்டத்தோடு ஒதுக்கிய அரச காடுகள் பலவற்றில் வனக்காவல் என்பது தகப்பனுக்குப் பின் பிள்ளைக்குப் போகும் பரம்பரைச் சொத்து. அரசர் சம்பளம் கொடுத்து வைத்த ஆள் இல்லை. பல இடங்களில் அந்தப் பதவியை வைத்திருந்தவரே அரசருக்கு ஆண்டுக் குத்தகை கட்டினார். கட்டியதை எங்கிருந்து எடுப்பார்? காட்டு வழியே போகும் வண்டிகளின் சுங்கம், காற்றில் விழுந்த மரம் என்று அந்தந்தக் காட்டின் வழக்கப்படி சில வரவுகள் அவருக்கு உண்டு. அந்த வழக்கம் எதுவரை, அத்துமீறல் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் எனக்கு ஆர்வம். அச்சில் படித்தது போதவில்லை. மூலத்தையே பார்க்க வேண்டும் என்று கிளம்பினேன்.

லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. இணையத்தில் பதிவு செய்துவிட்டு, பெயருக்கு ஒரு சான்றும் முகவரிக்கு ஒரு சான்றும் காட்டினால் வாசகர் அட்டை தருகிறார்கள். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். பையை லாக்கரில் வைத்துவிட வேண்டும். சொந்த கேமராவில் படம் எடுத்துக்கொள்ளலாம், இது பெரிய உதவி.

காட்டுக் குற்றங்களை விசாரிக்க அரசர் அனுப்பிய காட்டு நீதிபதிகளின் பழைய வழக்குச் சுருள்கள் இ 32 என்ற வரிசையில் இருக்கின்றன. நேராக அதைத் திறந்தால் ஒன்றும் புரியாது. முதலில் 1901ல், பழைய ஆங்கிலச் சட்ட ஆவணங்களைப் பதிப்பிக்கும் செல்டன் சொசைட்டிக்காக ஜி. ஜே. டர்னர் தொகுத்த காட்டு வழக்குத் தொகுதியைப் படியுங்கள். இடது பக்கம் லத்தீன், வலது பக்கம் ஆங்கிலம், முன்னால் நீண்ட முன்னுரை. அவர் காட்டும் சுருள் எண்ணை வைத்துக்கொண்டு கேட்டலாகில் தேடுவது சுலபம். நான் தேர்ந்தெடுத்தது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த ரட்லண்ட் காடு, 1269ஆம் ஆண்டு விசாரணை. சுருளில் அந்த ஆண்டு இருக்காது, அப்போதைய அரசர் மூன்றாம் ஹென்றியின் 53ஆம் ஆட்சியாண்டு என்றுதான் இருக்கும். ஹென்றியின் ஆட்சியாண்டு அக்டோபர் 28ல் தொடங்குகிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் கணக்கு தவறாது.

லத்தீனுக்கு அந்தக் காப்பகமே இலவசப் பாடம் வைத்திருக்கிறது. கஷ்டம் மொழியில் இல்லை, எழுத்தில்தான். ஆட்டுத்தோலில் எழுதிய குமாஸ்தா ஒரு சொல்லைக்கூட முழுதாக எழுதுவதில்லை. பாதி எழுதி மேலே ஒரு கீற்று போட்டுவிடுவார். ஐ, என், எம், யு நான்கும் வெறும் நின்ற கோடுகளாகத்தான் தெரியும். எனக்குக் கைகொடுத்தவை ஊர்ப் பெயர்களும் பணத் தொகைகளும். அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றை முதலில் அடையாளம் கண்டேன், அப்புறம் இடையில் இருக்கும் சொற்கள் மெல்லப் பிடிபட்டன.

சுருளுக்குள் போகும் முன் சட்டம் என்ன சொன்னது என்று பார்த்துவிட வேண்டும். 1217 நவம்பர் 6ல், ஹென்றி பத்து வயதுப் பையனாக இருந்தபோது, அவர் பெயரில் காட்டுச் சாசனம் வெளியானது. டரம், லிங்கன் பேராலயங்களில் அதன் மூலப் பிரதிகள் இன்றும் இருக்கின்றன. அதில் வழிச்சுங்கம் பற்றிய பிரிவை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். குத்தகை கட்டும் பரம்பரை வனக்காவலர் மட்டுமே சுங்கம் வாங்கலாம். வண்டிக்கு அரையாண்டுக்கு இரண்டு பென்னி, சுமைக் குதிரைக்கு அரையாண்டுக்கு அரைப் பென்னி. அதுவும் விறகு, மரம், மரப்பட்டை, கரி வாங்கி வேறிடத்தில் விற்க வெளியிலிருந்து வரும் வியாபாரிகளிடம் மட்டும். முதுகில் சுமந்துபோய் விற்றுப் பிழைப்பவர்கள் எதுவும் தர வேண்டியதில்லை. கதிர்க்கட்டு, ஓட்ஸ், ஆட்டுக்குட்டி, பன்றிக்குட்டி என்று வசூல் செய்வதையும் சாசனம் தடுத்தது. அரைப் பென்னி வரை எழுதி வைத்ததிலிருந்தே, அதற்கு முன்னால் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஊகிக்கலாம்.

சரி, 52 ஆண்டுகள் கழித்து ரட்லண்டில் என்ன நிலை? அங்கே காட்டுப் பொறுப்பைப் பரம்பரையாக வைத்திருந்தவர் பீட்டர் டி நெவில். காட்டு நீதிபதிகள் வந்து உட்கார்ந்ததும் அவர்மேல் புகார்கள் வரிசையாக எழுந்தன. ரட்லண்ட் காட்டில் பிடிபட்டவர்களை ஓக்கம் கோட்டைச் சிறையில்தான் அடைக்க வேண்டும். அவரோ லெஸ்டர்ஷைருக்குள் இருந்த தன் ஊரான அலெக்ஸ்டனில் சொந்தமாக ஒரு சிறை வைத்துக்கொண்டார். லிடிங்டன் ஊர்க்காரர், கான்ஸ்டன்டைன் மகன் பீட்டர் என்பவரை, ஈஸ்ட்வுட்டில் ஒரு முயலைப் பிடித்திருப்பார் என்ற சந்தேகத்தில் இரண்டு நாள், இரண்டு இரவு அங்கே இரும்புச் சங்கிலியால் கட்டிப் போட்டார்கள். அந்தச் சிறையின் அடியெல்லாம் தண்ணீர். அங்கிருந்த ஒரு பெஞ்சின் மேல் உட்கார விடும்படி காவலுக்கு நின்ற ஆட்களுக்கு அவர் இரண்டு பென்னி கொடுத்தார்.

அந்த வரியைத் தோலில் கண்டுபிடித்தபோது விரலை மேலே வைக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். ரோமன் எண்ணில் இரண்டு, பக்கத்தில் பென்னியைக் குறிக்கும் டி என்ற எழுத்து (லத்தீனில் பென்னிக்கு டெனாரியஸ் என்று பெயர்). சாசனம் ஒரு வண்டிக்கு ஆறு மாதத்துக்கு அனுமதித்த அதே தொகையை ஒரு மனிதர் தண்ணீரில் நிற்காமல் இருக்கக் கொடுத்திருக்கிறார். அன்றைய கூலியாளுக்கு ஏறத்தாழ ஒரு நாள் சம்பளம் அது. ஒரு முயல், ஒரு பெஞ்சு, இரண்டு பென்னி என்று இவ்வளவு சின்ன விவரம் அரசருடைய நீதிமன்ற ஆவணத்தில் ஏறியிருக்கிறது என்றால், லிடிங்டன் பக்கத்து ஆட்கள் அதை மறக்காமல் வைத்திருந்து, வாய் திறந்து சொல்லியிருக்கிறார்கள். தங்கள் காட்டின் மேல் பரம்பரை அதிகாரம் உள்ள ஒருவருக்கு எதிராக அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவர்கள் மேல் எனக்கு அளவில்லாத மதிப்பு வந்துவிட்டது.

சாசனப்படி வனக்காவலரும் வெர்டரர் என்ற அதிகாரிகளும் 40 நாளுக்கு ஒரு முறை கூடி, காட்டுக் குற்றங்களைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். பெரிய விசாரணைக்கு நீதிபதிகள் வருவதற்கோ பல ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் வழக்கம் எது என்று நடைமுறையில் முடிவு செய்தவர் காவலர்தான். ஏழு வருடம், பத்து வருடம் தடுப்பார் இல்லாமல் வாங்கிய பணத்தை உரிமை என்று சொல்லிவிடுவது எளிது. பரம்பரை உரிமைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுப்பது குறைவு என்பது என் கருத்து.

எல்லாக் காவலரும் நெவில் போலத்தான் என்று நான் சொல்ல வரவில்லை. மேற்கு இங்கிலாந்தின் டீன் காட்டோரம் நியூலண்ட் தேவாலயத்தில் ஜான் வைரல் என்ற பரம்பரை வனக்காவலரின் கல்லறை இருக்கிறது. 1457ல் இறந்தவர். வேட்டைக் கொம்பும் கத்தியுமாக, வேலைக்குப் போகும் உடையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். கல்வெட்டில் பெயரோடு பதவியும் சேர்ந்தே வருகிறது. அந்தப் பதவியைப் பெருமையாகச் சுமந்தவர்களும் உண்டு.

நீங்களும் படிக்க நினைத்தால், எழுத்து பழகும் வரை அச்சில் வந்திருக்கும் வழக்கை மட்டும் எடுங்கள். போகும் முன்பே இணையத்தில் ஆர்டர் கொடுத்துவிடுங்கள், போனதும் சுருள் தயாராக இருக்கும். சுற்றி வைத்த தோல் தானாகச் சுருண்டுகொள்ளும். அதை அழுத்திப் பிடிக்க எடைகளும் தாங்கி நிறுத்த நுரைத் தாங்கிகளும் அங்கேயே தருகிறார்கள், எப்படி வைப்பது என்று ஊழியர்களிடம் கேட்டால் பொறுமையாகக் காட்டுவார்கள். நான் அடுத்து எடுக்கப்போவது டீன் காட்டின் 1282ஆம் ஆண்டு விசாரணை.